பழைய காசில் வெள்ளி உண்டா? வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வன்னியில் பழைய காசு பல வழிகளில் கைக்கு வருகிறது. காலமான ஆச்சியின் கொட்டப்பெட்டிக்குள் சீலைத்துண்டில் முடிந்த முடிச்சாகக் கிடைக்கும். அத்திவாரம் வெட்டும்போது மண்வெட்டியில் தட்டுப்படும். இடம்பெயரும்போது வளவில் புதைத்துவிட்டுப் போன போத்தலை மீளக்குடியமர்ந்தபின் தேடி எடுத்தவர்களும் உண்டு. எப்படி வந்தாலும் கேள்வி ஒன்றுதான்: "மாஸ்டர், இது வெள்ளியோ?" கணிதம் படிப்பித்து ஓய்வுபெற்ற என்னிடம் ஒரு சிறிய தராசும் ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடியும் இருப்பதால் பலரும் காசுகளைக் கொண்டுவந்து காட்டுகிறார்கள். அவர்கள் கேட்டவற்றையும் நான் சொன்னவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

காசைக் கையில் எடுத்தவுடன் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

ஆண்டைப் பாருங்கள். உரைகல்லும் திராவகமும் பிறகு வரட்டும். அரசாங்கம் அச்சிட்ட காசில் எவ்வளவு வெள்ளி சேர்க்க வேண்டும் என்பது சட்டத்தால் வரையறுக்கப்பட்டிருந்தது. அந்த அளவு மாறிய ஆண்டுகளும் தெரிந்தவையே. ஆகவே காசு உண்மையானதாக இருந்து ஆண்டும் வாசிக்கக்கூடியதாக இருந்தால், பாதிக்கு மேற்பட்ட கேள்விகளுக்கு வேறு சோதனை எதுவும் தேவைப்படாது.

இலங்கையில் சதக் கணக்கு 1872ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தபோதிலும், 10, 25, 50 சத வெள்ளிக் காசுகள் 1892ஆம் ஆண்டிலிருந்துதான் வெளிவந்தன. விக்டோரியா மகாராணியின் தலை பொறித்தவையும், ஏழாம் எட்வேட் மன்னரின் தலை பொறித்தவையும், ஐந்தாம் ஜோர்ஜ் மன்னர் காலத்தில் 1917 வரை வந்தவையும் 80 சதவீதம் வெள்ளி கொண்டவை, மிகுதி செம்பு. முதலாம் உலகப் போரின் முடிவில் வெள்ளியின் விலை கடுமையாக ஏறியதனால், 1919 முதல் அச்சிடப்பட்ட அதே காசுகளில் வெள்ளி 55 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. அளவும் எடையும் மாறவில்லை என்பதால் 1917ஆம் ஆண்டுக் காசையும் 1919ஆம் ஆண்டுக் காசையும் அருகருகே வைத்தால் பழகாத கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. ஆறாம் ஜோர்ஜ் மன்னர் காலத்தில் 1941ஆம் ஆண்டின் 10 சதமும் 1942ஆம் ஆண்டின் 50 சதமும் மீண்டும் 80 சதவீத வெள்ளியில் வந்தன. அத்துடன் புழக்கத்துக்கான வெள்ளி முடிந்துவிட்டது. 1943ஆம் ஆண்டின் 25 சதமும் 50 சதமும் நிக்கல் கலந்த பித்தளை. மஞ்சள் நிறத்திலேயே தெரிந்துவிடும்.

எனவே 1917க்கும் 1919க்கும் இடையில் ஒரு கோடும், 1942க்கும் 1943க்கும் இடையில் இன்னொரு கோடும் மனத்தில் போட்டுக்கொண்டால் இலங்கைச் சதக் காசுகளில் பெரும்பாலானவற்றைத் தரம்பிரித்துவிடலாம்.

காசு வெள்ளை வெளேரென்று இருக்கிறதே, அது போதாதா?

போதாது. உண்மையில் மிக வெள்ளையாகப் பளிச்சிடும் பழைய காசைக் கண்டால் எனக்குச் சந்தேகம்தான் கூடுகிறது. செம்புடன் நிக்கல் சேர்த்த கலவை, நிக்கல் நாலில் ஒரு பங்கு மட்டுமே இருந்தாலும், முழுவதும் வெள்ளை நிறமாகிவிடும். மூலைகள் உருண்ட சதுர வடிவத்தில் 1909 முதல் 1926 வரை இடையிடையே வெளிவந்த 5 சதக் காசு இந்தச் செப்புநிக்கல் வகையைச் சேர்ந்தது. மன்னர் தலையும், பழைய ஆண்டும், வெள்ளை நிறமும் ஒருங்கே இருப்பதனால் அதனை வெள்ளி என்று நம்பிப் பெட்டகத்துக்குள் வைத்திருக்கும் குடும்பங்கள் ஏராளம். அதில் வெள்ளி ஒரு துளியும் இல்லை. 1963ஆம் ஆண்டுக்குப் பிறகு வந்த 25 சதம், 50 சதம், ஒரு ரூபா ஆகியவையும் அவ்வாறே.

இதற்கு எதிர்மாறாக, வெள்ளியுள்ள காசுகள் வீட்டில் நெடுங்காலம் இருந்தால் சாம்பல் நிறமாகவும் கறுப்பாகவும் மாறிவிடுகின்றன. அதனால் அழகில்லாத காசு கழிக்கப்பட்டு, மினுங்குகிற நிக்கல் காசு கவனமாகப் பாதுகாக்கப்படுகிற விநோதத்தைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

எங்கள் அம்மம்மா வைத்திருந்த பெரிய ஒரு ரூபாக் காசுகள் இலங்கை வெள்ளியா?

அவை இந்திய ரூபாக்கள். ரூபாயும் சதமும் என்ற கணக்குக்கு மாறிய பின்னர் பிரித்தானியர் காலத்து இலங்கை ஆட்சி தனக்கென ஒரு ரூபா வெள்ளிக் காசு அச்சிடவே இல்லை. இந்திய வெள்ளி ரூபாயே இங்கும் சட்டப்படி செல்லுபடியான நாணயமாக இருந்தது. ஆகையால் நெல் விற்ற காசாகவும், சீதனக் காசாகவும் வன்னியில் சேர்த்துவைக்கப்பட்டது அந்த ரூபாதான்.

அதன் எடை ஒரு தோலா, அதாவது 11.66 கிராம். 1835ஆம் ஆண்டின் கிழக்கிந்தியக் கம்பனி ரூபாயிலிருந்து 1939 வரை பன்னிரண்டில் பதினொரு பங்கு, அதாவது ஏறத்தாழ 91.7 சதவீதம் வெள்ளி இருந்தது. 1940 முதல் 1945 வரையிலான ரூபாயில் அது சரிபாதியாக்கப்பட்டது. 1947ஆம் ஆண்டின் ரூபா, ஒரு பக்கத்தில் புலி நிற்பது, முழு நிக்கல். வெள்ளி அறவே கிடையாது. இங்கே ஒரு காந்தம் உடனே தீர்ப்புச் சொல்லிவிடும்: நிக்கல் ரூபாவைக் காந்தம் இழுக்கும், வெள்ளி ரூபாவை இழுக்காது.

மலாயாக் காசுகளும் இருக்கின்றன. அவை?

மலாயாவில் உத்தியோகம் பார்த்துப் பென்சனோடு திரும்பியவர்களின் வழியில் வந்திருக்கும். ஆறாம் ஜோர்ஜ் தலையுள்ள 5, 10, 20 சதக் காசுகளில் 1945 வரையிலானவை வெள்ளி கலந்தவை; 1948 முதல் வந்தவை செப்புநிக்கல். பிரித்தானியக் காசென்றால் 1919 வரை 92.5 சதவீதம், 1920 முதல் 1946 வரை 50 சதவீதம், 1947இலிருந்து வெள்ளி இல்லை. சிலிங் முதலிய வெள்ளைக் காசுகளுக்கே இது பொருந்தும். அக்காலத்துப் பெனி செப்புக் குடும்பம்.

ஆண்டு தேய்ந்து வாசிக்க முடியவில்லை. என்ன செய்வது?

நிறுத்துப் பாருங்கள். கிராமில் இரண்டு தசமதானம் காட்டும் சிறிய இலத்திரனியல் தராசு இப்போது அதிக விலையில்லை. இலங்கையின் 50 சத வெள்ளிக் காசு 5.83 கிராம், 25 சதம் 2.92 கிராம், 10 சதம் 1.17 கிராம். கவனித்தால் 50 சதம் சரியாக ஒரு தோலாவின் பாதி என்பதும், மற்றவை அதே விகிதத்தில் இறங்குகின்றன என்பதும் புலப்படும். கை மாறித் தேய்ந்த காசு சற்றுக் குறைவாக நிற்கலாம், அது இயல்பு. ஆனால் தேய்ந்த காசு ஒன்று குறித்த எடையைவிடக் கூடுதலாக நின்றால், அது வார்த்தெடுத்த போலியோ அல்லது நீங்கள் நினைக்கும் காசே அல்லவோ என்று யோசிக்க வேண்டும்.

எடை மட்டும் வெள்ளியை நிரூபிக்காது. எடையைக் கொள்ளளவால் வகுக்கும்போதுதான் உலோகம் தன்னைக் காட்டிக்கொடுக்கிறது. அதற்குத்தான் அடுத்த கேள்வி.

தண்ணீரில் நிறுப்பது என்கிறார்களே, அதை வீட்டில் செய்ய முடியுமா?

முடியும், எனக்கு மிகவும் பிடித்த சோதனையும் இதுவே, ஏனெனில் காசில் ஒரு கீறலும் விழாது. முதலில் காசை உலர்ந்த நிலையில் நிறுத்து எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னர் தராசின்மேல் ஒரு சிறிய கோப்பையில் தண்ணீர் வைத்து, தராசைப் பூச்சியத்துக்குக் கொண்டுவாருங்கள். காசை மெல்லிய தையல் நூலில் கட்டி, கோப்பையின் அடியையோ பக்கத்தையோ தொடாதவாறு தண்ணீருக்குள் முழுவதும் அமிழும்படி தொங்கவிடுங்கள். அப்போது தராசு காட்டும் சிறிய எண், காசு விலக்கிய தண்ணீரின் எடை. ஒரு கன சென்ரிமீற்றர் தண்ணீர் ஒரு கிராம் ஆகையால் அதுவே காசின் கொள்ளளவும் ஆகும். உலர்ந்த எடையை இந்த எண்ணால் வகுத்தால் அடர்த்தி கிடைக்கும்.

தூய வெள்ளியின் அடர்த்தி 10.49. செம்பு 8.96. செப்புநிக்கலும் ஏறத்தாழ செம்பளவே, 8.9 சொச்சம். இவற்றிலிருந்து கணக்கிட்டால், 91.7 சதவீத வெள்ளி கொண்ட இந்திய ரூபா 10.3க்குச் சற்று மேலும், 80 சதவீதக் காசு 10.1 அளவிலும், 55 சதவீதக் காசு 9.7 அளவிலும் நிற்க வேண்டும். 9க்குக் கீழே வந்தால் வெள்ளியை மறந்துவிடலாம்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். 5.83 கிராம் நிற்கும் 50 சதக் காசைத் தண்ணீரில் விட்டதும் தராசு 0.57 அல்லது 0.58 காட்டினால் அது 80 சதவீதக் காசு, 0.60 காட்டினால் 55 சதவீதம், 0.65 காட்டினால் செம்போ செப்புநிக்கலோதான். இந்த மூன்று எண்களும் எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன என்பதைக் கவனியுங்கள். காசில் ஒட்டிய ஒரு காற்றுக்குமிழ் போதும், கணக்கைப் பிழையாக்குவதற்கு. தண்ணீரில் ஒரு சொட்டுச் சவர்க்காரக் கரைசல் சேர்த்துக் கலக்கி, காசை மெதுவாக அசைத்துவிட்டால் குமிழ் விலகும். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். மூன்று தடவை செய்து பாருங்கள்.

10 சதக் காசுக்கு இந்த முறை சரிவராது என்பதை நான் தாமதமாகத்தான் உணர்ந்தேன். 1.17 கிராம் காசின் கொள்ளளவு 0.11க்கும் 0.12க்கும் இடையில் விழுவதால், தராசின் கடைசி இலக்கம் ஒன்று தடுமாறினாலே விடை 9.7இலிருந்து 10.6க்குத் தாவிவிடுகிறது. ஒரே வகைக் காசுகள் பத்து இருந்தால் சேர்த்துக் கட்டித் தொங்கவிடுங்கள். ஒன்றுதான் இருக்கிறதென்றால் ஆண்டை நம்புவதே மேல்.

சுண்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும் என்கிறார்களே?

பழைய கடைக்காரர்கள் கல்லாவில் போட்டுப் பார்த்தது இதற்காகத்தான். விரல் நுனியில் காசைச் சமநிலையாக வைத்து இன்னொரு காசால் விளிம்பில் மெல்லத் தட்டினால், வெள்ளிக் காசின் ஓசை உயர்ந்து நீண்டு அடங்கும். ஈயத்தில் வார்த்த போலி 'தொப்' என்று விழும். ஆயினும் செப்புநிக்கலும் ஓரளவுக்கு ஒலிக்கும். வெடிப்புள்ள நல்ல வெள்ளிக் காசோ ஒலிக்காது. ஏற்கெனவே தெரிந்த வெள்ளிக் காசொன்றின் ஓசையோடு ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தால் மட்டும் இதனைப் பயன்படுத்துங்கள். கல்லில் எறிந்து பார்க்க வேண்டாம்.

ஐஸ்கட்டி சோதனை உண்மையா?

வெப்பத்தைக் கடத்துவதில் உலோகங்களுள் வெள்ளியே முதலிடம். ஆகையால் வெள்ளிக் காசின் மேல் வைத்த சிறிய ஐஸ்கட்டி, செப்புநிக்கல் காசின் மேல் வைத்ததைவிட விரைவாக உருகத் தொடங்கும். முல்லைத்தீவுக் கரையில் மீன்வாடிக்கு அருகில் இருப்பவர்கள் இதை வேடிக்கையாகச் செய்து பார்க்கலாம். ஆனால் செம்பு வெள்ளிக்கு அடுத்தபடியாக நிற்பதால், வெள்ளி முலாம் பூசிய செப்புக் காசும் இதில் தேறிவிடும்.

காந்தத்தில் ஒட்டவில்லை. அப்படியானால் வெள்ளிதானே?

இல்லை. காந்தம் வெள்ளி அல்லாத சிலவற்றைக் கழித்துவிடும் வேலையை மட்டுமே செய்கிறது. ஒட்டினால் உருக்கு அல்லது நிக்கல், வெள்ளி அல்ல. ஒட்டாவிட்டால் அது வெள்ளியாகவும், செம்பாகவும், பித்தளையாகவும், செப்புநிக்கலாகவும், ஈயமாகவும் இருக்கலாம்.

மண்ணிலிருந்து எடுத்த காசு பச்சைக் களிம்பு பிடித்திருக்கிறது. செம்பு என்று எறிந்துவிடலாமா?

தயவுசெய்து எறிய வேண்டாம். இந்தப் பிழையை நானே செய்திருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு பெடியன் குளக்கட்டுக்குப் பக்கத்தில் எடுத்த காசொன்றைக் கொண்டுவந்தான். முழுவதும் பச்சை. நிறுத்துப் பாராமலே "செம்பு தம்பி" என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவனும் என் சொல்லை நம்பி, நடுவில் துளையிட்டுத் தண்ணீர்ப் பம்பியின் ஆணிக்கு வாசராகப் போட்டுவிட்டான். பம்பி பழுதாகிக் கழற்றியபோது தேய்ந்த விளிம்பு வெள்ளையாக மினுங்குவதைக் கண்டு மறுபடி கொண்டுவந்தான். 1925ஆம் ஆண்டின் 50 சதம்.

காரணம் எளிது. 55 சதவீதக் காசில் மிகுதிப் பங்கின் பெரும்பகுதி செம்பு. 80 சதவீதக் காசிலும் ஐந்தில் ஒன்று செம்பு. ஈரமும் உப்பும் உள்ள மண்ணில் செம்புதான் முதலில் அரித்து வெளியே வந்து பச்சையாகப் படிகிறது. பச்சை நிறம் 'இதில் செம்பு உண்டு' என்று மட்டுமே சொல்கிறது. வெள்ளி இல்லை என்று அது சொல்லவில்லை. கறுப்பு நிறம் அதைவிட நல்ல அறிகுறி. காற்றிலும் அடுப்புப் புகையிலும் உள்ள கந்தகச் சேர்வைகள் வெள்ளியுடன் கூடிக் கறுப்பான வெள்ளிச் சல்பைட்டாகின்றன. விக்டோரியா காலத்துப் பெரிய 5 சதம் போன்ற செப்புக் காசுகளும் கருமையாகும் என்பதால் கறுப்பையும் முழுமையாக நம்பிவிடக் கூடாது.

நகைக்கடையில் கொடுத்துப் பார்க்கலாமா?

கொடுக்கலாம், ஆனால் உங்கள் கண் முன்னால். தட்டார் உரைகல்லில் விளிம்பை ஒருமுறை இழுத்து, அந்தக் கோட்டின்மேல் திராவகம் விட்டுப் பார்த்தால் சேதம் மிகக் குறைவு. அரத்தால் விளிம்பை வெட்டிப் பார்க்க அனுமதிக்க வேண்டாம். எனக்குத் தெரிந்த ஒருவர் கொண்டுபோன விக்டோரியா ரூபா, நடுவரை அரம் இறங்கிய நிலையில் திரும்பி வந்தது. வெள்ளி என்பது உறுதியாயிற்று, சேகரிப்பாளர் தரக்கூடிய விலை போயிற்று.

நைத்திரிக் அமிலத்தில் சிறு துகளைக் கரைத்து உப்புத் தண்ணீர் விடும் பழைய முறையும் உண்டு. வெள்ளி இருந்தால் தயிர் திரண்டதுபோல் வெண்மையான வீழ்படிவு வரும். அமிலம் நீலப்பச்சையாக மாறுவதைப் பார்த்துச் 'செம்புதான்' என்று முடிவு கட்டுபவர்கள் இருக்கிறார்கள். எல்லா வெள்ளிக் காசிலும் செம்பு கலந்திருப்பதால் அந்த நிறம் எப்படியும் வரும். ஈயமும் உப்போடு வெண்மையாகத் திரளும், ஆனால் சுடுதண்ணீரில் கரைந்துவிடும். வெள்ளியின் வீழ்படிவு கரையாது. இதன் புகை நுரையீரலுக்குக் கேடு என்பதால் வீட்டில் செய்யவே கூடாது.

எக்ஸ்கதிர் இயந்திரம் உள்ள கடைகளில் சில விநாடிகளில் சதவீதம் கிடைத்துவிடும். அந்த இயந்திரம் காசின் மேல்தோலைத்தான் வாசிக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். முலாம் பூசிய போலியும் அதில் நல்ல பெயர் எடுக்கலாம். மண்ணில் கிடந்து மேற்பரப்பிலுள்ள செம்பை இழந்த 55 சதவீதக் காசு உள்ளதைவிடக் கூடுதலான வெள்ளியைக் காட்டலாம். தண்ணீர்ச் சோதனையின் விடையையும் கையில் வைத்துக்கொண்டு போனால் இரண்டையும் ஒப்பிடலாம்.

வளையம் ஒட்டிக் கழுத்தில் போட்ட காசு இது. சோதிக்க முடியுமா?

வளையமும் அதை ஒட்டிய பொடியும் (பற்றாசு) எடையிலும் அடர்த்தியிலும் கலந்துவிடும், ஓசையும் மங்கும். ஆண்டைக் கொண்டு தீர்மானிப்பதே வழி. துளை மட்டும் உள்ள காசானால் எடை குறையும், அடர்த்தி மாறாது. நூல் கட்டவும் வசதி.

1957ஆம் ஆண்டின் பெரிய 5 ரூபாக் காசு வெள்ளியா?

ஆம். புத்த ஜயந்தியின் 2500ஆம் ஆண்டு நிறைவுக்காக வெளியிடப்பட்டது, 28.28 கிராம் எடையும் 92.5 சதவீத வெள்ளியும் கொண்டது. அதே நிகழ்வுக்காக வந்த ஒரு ரூபாக் காசு செப்புநிக்கல். இரண்டையும் ஒன்றாக முடிந்து வைத்திருப்பவர்கள் ஒன்றைப் பார்த்து மற்றதையும் வெள்ளி என்று எண்ணிவிடுகிறார்கள்.

புளியும் சாம்பலும் போட்டு மினுக்கிவிட்டுக் கொண்டுவரட்டுமா?

வேண்டாம். கோயில் செம்புக்கும் குத்துவிளக்குக்கும் செய்வதைக் காசுக்குச் செய்யக் கூடாது. சாம்பலும் திருநீறும் நுண்ணிய கீறல்களை உண்டாக்கும். புளியும் தேசிக்காயும் செம்பை அரித்தெடுக்கும். வடித்த நீரில் ஊறவிட்டு மண்ணைக் கரைத்து, தேய்க்காமல் ஒற்றி உலர்த்தினால் போதும். ஆண்டு தெரிந்தால் சரி.

மன்னர் தலையே இல்லாத, மிகப் பழைய காசு கிடைத்தால்?

சிறிய, தடித்த, ஒழுங்கற்ற வட்டமாக, நிற்கும் உருவமும் நாகரி எழுத்தும் கொண்டவை பெரும்பாலும் இடைக்காலச் சிங்கள அரசர்களின் செப்புக் காசுகள். படுத்திருக்கும் நந்தியும் 'சேது' என்ற தமிழ் எழுத்தும் இருந்தால் யாழ்ப்பாண அரசின் காசு. அதுவும் பெரும்பாலும் செம்பே. மெல்லிய தகட்டுத் துண்டுபோல், சூரியன் முதலிய பல முத்திரைகள் குத்தப்பட்டிருந்தால் அது வெள்ளியாக இருக்கக்கூடிய முத்திரைக் காசு. இவற்றில் வெள்ளி எவ்வளவு என்ற கேள்வியே சிறியது. காசு எந்த இடத்தில், எந்த ஆழத்தில் கிடந்தது என்பதுதான் மாந்தை போன்ற இடங்களின் வரலாற்றுக்குத் தேவையான தகவல்.

1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச்சட்டத்தின்படி, 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முற்பட்ட பொருட்கள் தொல்பொருட்களாகக் கருதப்படும். அனுமதியின்றி அவற்றுக்காக நிலத்தைத் தோண்டுவது குற்றம். தற்செயலாக அகப்பட்டால் கிராம அலுவலர் மூலமாகத் தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். உலோகங்காட்டிக் கருவியோடு காட்டுக்குள் இறங்குபவர்களுக்குச் சட்டத்தைவிட முதலில் நினைவூட்ட வேண்டியது வேறொன்று: அந்தக் கருவி காசுக்கும் மிதிவெடிக்கும் ஒரே குரலில்தான் கத்தும்.

வெள்ளி என்று உறுதியாகிவிட்டது. எவ்வளவு பெறும்?

உலோகப் பெறுமதியை நீங்களே கணக்கிடலாம்: காசின் எடையை வெள்ளியின் பங்கால் பெருக்கி, அன்றைய கிராம் விலையால் பெருக்குங்கள். பழைய இந்திய ரூபாயில் 10.69 கிராம் வெள்ளி, 1940 முதல் 1945 வரையிலானதில் 5.83 கிராம். இலங்கையின் 50 சதத்தில் 1917 வரை 4.67 கிராம், 1919 முதல் 3.21 கிராம் (1942ஆம் ஆண்டுக் காசு தவிர). பழைய 10 சதத்தில் ஒரு கிராமுக்கும் சற்றுக் குறைவு. கடையில் உருக்குவதற்கு வாங்குபவர் இந்தத் தொகையிலிருந்து கழித்துத்தான் தருவார், அது நியாயம். 1917க்கு முந்திய காசுக்கும் பிந்திய காசுக்கும் ஒரே விலை சொல்வாரானால், அங்கேதான் நீங்கள் ஆண்டைக் காட்டிப் பேச வேண்டும்.

ஒரேயொரு 10 சதக் காசுதான் இருக்கிறது. நேர்த்திக்காக மஞ்சள் துணியில் முடிந்து வைத்தது. விற்கலாமா?

உலோகமாக விற்றால் ஒரு கிராம் வெள்ளியின் விலைகூடக் கிடையாது; வவுனியாவுக்குப் போய்வரும் பஸ் காசைக் கழித்தால் என்ன மிஞ்சும் என்று பாருங்கள். நேர்த்தி முடிந்திருந்தால் அவிழ்த்து ஆண்டைக் குறித்துக்கொண்டு மறுபடி முடிந்து வையுங்கள். முடியாதிருந்தால் அது வற்றாப்பளை அம்மனுக்குச் சொன்ன காசு. அதைப் பற்றி என்னிடம் கேட்க வேண்டியதில்லை.